முடவனும் கொம்புத்தேனும்: நோயுற்ற உடலை எழுதுதல் பற்றிச் சில குறிப்புகள்

1

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் எங்கள் விடுதியில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வந்துகொண்டிருந்தது. அதில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். வட்டிக்குக் கொடுத்து ஏழைகளின் வயிற்றிலடிக்கும் ஒரு முதலாளி. கதையின் இறுதியில் அவருக்குக் கால் இழுத்துக்கொள்கிறது. தான் ஏமாற்றிய ஓர் ஏழையின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் படியேறுகிறார். கதை அங்கே முடிகிறது. நண்பர்கள் பாராட்டினார்கள். விரிவுரையாளர் ஒருவர் 'நல்ல படிப்பினை' என்று ஓரத்தில் எழுதித் தந்தார்.

சென்ற வருடம் பழைய பெட்டியொன்றைக் கிளறியபோது அந்தச் சஞ்சிகை கைக்கு வந்தது. குனிந்து அதை எடுத்தவன் மீண்டும் எழும்புவதற்கு மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதையை வாசித்தேன். முதலாளியின் கால் எப்படி இழுத்தது, படியில் எந்தக் காலை முதலில் வைத்தார், கைபிடித்தபோது அவருக்கு என்ன தோன்றியது என்று ஒரு வரியும் அதில் இல்லை. அந்தக் கால் அவருடையதாகவே இல்லை. கதாசிரியனாகிய நான் அவருக்குக் கொடுத்த தண்டனை அது. அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்தக் கதை பற்றியதல்ல. எனக்கு வந்த நோயோடு வாழ்ந்த இருவர் எழுதிய ஆங்கிலப் பிரதிகள் இரண்டையும், நமது மொழியிலும் மரபிலும் அவற்றோடு பேசக்கூடிய சிலவற்றையும் வைத்துச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஆனால் அந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் நோய் வந்தபின் என்னை அதிகம் வதைத்தது காலின் பலவீனம் அல்ல. பிறர் என் நடையைப் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான். அந்தப் பார்வையை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் என் போன்றோரின் எழுத்துக்கும் பங்குண்டு என்பதை அன்று உணர்ந்தேன்.

2

எனக்கிருப்பது மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். எம்.எஸ். என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருபவர் சுப்புலட்சுமிதான். ஆகவே ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்கிச் சிதைக்கிறது. மின்கம்பியின் உறை தேய்ந்தால் மின்சாரம் ஒழுங்காகப் போகாதல்லவா? அதுபோல மூளை இடும் கட்டளை காலுக்குப் பிந்திப் போகிறது, அல்லது போகாமல் விடுகிறது. பல இடங்களில் விழும் தழும்புகள் என்பதே ஆங்கிலப் பெயரின் பொருள். தமிழ்நாட்டில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுகிறார்கள். மூளையைச் சொல்லாமல் விடுவதால் அது அரைப்பெயர்.

பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஷார்கோ 1868இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். உலகில் இன்று ஏறத்தாழ 29 இலட்சம் பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆண்களை விடப் பெண்களிடமே அதிகம். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பூமத்திய ரேகையிலிருந்து விலகிய குளிர்நாடுகளில் அதிகம், நம் பக்கத்தில் அரிது. தொற்று நோயல்ல. எப்ஸ்டைன் பார் என்ற வைரசுக்கும் இதற்கும் வலுவான தொடர்பிருப்பதை 2022இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. தாக்கங்கள் திரும்ப வருவதைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வந்திருக்கின்றன.

எனக்கு முதலில் வந்தது கண்ணில். 2016இல் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கையில் இடது கண் மங்கியது. சில வாரங்களில் தெளிந்ததும் மறந்துவிட்டேன். 2018இல் கால் பிடிபடவில்லை. கண்டியில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. உடல் சூடேறினால் அறிகுறிகள் கூடுவது இந்நோயின் இயல்பு. ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890இலேயே அதை அவதானித்திருக்கிறார். நாலந்தாவின் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு நேராக நடக்கும் நான், பாடசாலை விட்டு ஏ-9 வீதியோரமாகப் பஸ்ஸுக்குப் போகையில் தள்ளாடுவேன்.

தள்ளாடும் மனிதனுக்கு ஊரில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. 'மாஸ்டர் குடிக்கிறாராம்' என்ற பேச்சு என் காதுக்கு வர மூன்று மாதம் சென்றது. ஒரு முஸ்லிம் கிராமத்தில், பிள்ளைகளுக்குத் தமிழும் இஸ்லாமும் கற்பிக்கும் ஒருவனைப் பற்றி இப்படியொரு பேச்சு எழுந்தால் அதன் பாரம் என்னவென்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் பேச்சு அன்றே நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. குடிகாரன் என்ற பெயரை விட நோயாளி என்ற பெயர் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. மகளுக்கு வரன் பேசும்போது இது ஒரு கதையாகுமே என்று வீட்டிலும் பயந்தார்கள். ஜும்ஆவுக்குப் பிந்திப் போய்க் கடைசி ஸப்பில் நின்றேன். மாணவர்களைக் கெடிகேக்குக் கூட்டிப்போகும் வழமையான சுற்றுலாவை இரண்டு வருடங்கள் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன்.

3

இந்த நிலையில்தான் கலாசாலை நண்பர் ஒருவர் இரண்டு பிரதிகளை அனுப்பிவைத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். முதலாவது, பார்பெலியன் என்ற புனைபெயரில் 1919இல் வெளிவந்த 'ஏமாற்றமடைந்த மனிதனொருவனின் நாட்குறிப்பு'. எழுதியவரின் இயற்பெயர் புரூஸ் கமிங்ஸ். 1889இல் பிறந்தவர். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பூச்சியியல் பகுதியில் பணியாற்றியவர்.

1915 நவம்பரில் இராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு அவர் போகிறார். அவருடைய வைத்தியர் ஒரு கடிதத்தை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறார். பரிசோதித்தவர்கள் கடிதத்தைப் பார்க்காமலே அவரைத் தகுதியற்றவர் என்று அனுப்பிவிடுகிறார்கள். திரும்பும் வழியில் ரயிலில் கடிதத்தைப் பிரிக்கிறார். தனக்கு என்ன நோய் என்பதை அப்படித்தான் அறிந்துகொள்கிறார். திருமணத்துக்கு முன்பே மனைவிக்கு அது தெரியும் என்பதையும் பின்னர் அறிகிறார். சுற்றியிருந்தவர்களெல்லாம் அறிந்திருக்க, உடலுக்கு உரியவன் மட்டும் அறியாதிருந்திருக்கிறான்.

நாட்குறிப்பின் பலம் அதன் ஒளிவுமறைவின்மை. தற்பெருமை, பொறாமை, பயம் எதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் நூலின் கடைசியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பார்பெலியன் 1917 டிசெம்பர் 31ஆம் திகதி இறந்தார் என்ற குறிப்போடு நூல் முடிகிறது. உண்மையில் அவர் இறந்தது 1919 ஒக்டோபரில். நூல் வெளிவந்தபோது உயிரோடிருந்து விமர்சனங்களையும் வாசித்தார். எச்.ஜி. வெல்ஸ் முன்னுரை எழுதியதால், முழு நூலையுமே வெல்ஸ்தான் எழுதினார் என்று சந்தேகித்தவர்களும் உண்டு.

தன்னைப் பற்றி இத்தனை வெளிப்படையாக எழுதிய ஒருவர், தன்னை இறந்தவனாகக் காட்டாமல் அதை வெளியிடத் துணியவில்லை என்பதே என் வாசிப்பு. இறந்தவனை யாரும் வீதியில் பார்க்க முடியாது. தாளில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஊர்க்கண்ணிலிருந்து மட்டும் ஒளிந்துகொள்ளும் வழி அது. கடைசி ஸப்பில் நின்ற எனக்கு அது நன்றாகவே விளங்கியது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவரிடமிருந்து நடக்கப் பழக முடியாது என்று நினைத்தேன்.

4

இரண்டாவது பிரதி, அமெரிக்க எழுத்தாளர் நான்சி மேர்ஸ் எழுதிய கட்டுரை. 1986இல் வந்த அவரது கட்டுரைத் தொகுதியில் இருக்கிறது. 1943இல் பிறந்து 2016இல் மறைந்தவர். அரிசோனாவில் வாழ்ந்தவர். கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவி அதுபற்றியும் எழுதியவர். இருபத்தொன்பதாவது வயதில் அவருக்கு எம்.எஸ். என்று தெரியவந்தது. கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொல்வதானால் 'முடமாக இருத்தல் பற்றி' என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டுரை ஒரு கழிப்பறையில் தொடங்குகிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வெளியேற முயல்பவர், சமநிலை தவறி முழு உடுப்போடு பின்னால் சாய்ந்து மீண்டும் இருக்கையிலேயே விழுகிறார். மல்லாந்த வண்டைப் போலக் கால்கள் விரிந்து கிடக்கின்றன. வாய்விட்டுச் சிரிக்கிறார். யாரும் இல்லாததால் சிரிக்க முடிந்தது என்கிறார். யாராவது பக்கத்திலிருந்திருந்தால் வெட்கத்தால் உடல் கொதித்துக் குன்றிப்போயிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

கூச்சம் என்பதன் இயக்கத்தை இதைவிடத் துல்லியமாக எழுதிய இன்னொரு பந்தியை நான் வாசித்ததில்லை. விழுந்த உடல் ஒன்றுதான். வேறொருவரின் கண் அங்கே இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அதே விழுகை சிரிப்பாகவோ அவமானமாகவோ மாறுகிறது. அப்படியானால் அவமானம் உடலில் இல்லை. அது அந்தக் கண்ணுக்கும் நமக்கும் இடையில் உண்டாகிறது. மேர்ஸ் செய்யும் காரியம், அந்தக் காட்சியைத் தானே வாசகனுக்குக் காட்டிவிடுவது. தனியே சிரித்த சிரிப்பைப் பலர் முன்னிலையில் சிரிக்கிறார். வாசகனும் சிரித்த பிறகு அங்கே வெட்கப்பட எதுவும் மிஞ்சுவதில்லை.

அடுத்து அவர் பெயருக்கு வருகிறார். தன்னைக் குறிக்க நாகரிகமான சொற்கள் பல இருந்தும், அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கிவிட்டு, முகஞ்சுளிக்க வைக்கும் பழைய சொல்லையே தெரிந்தெடுக்கிறார். பிறர் முகஞ்சுளிப்பதையும் ஒருவேளை தான் விரும்புவதாகச் சொல்கிறார். விதி தன்னிடம் இரக்கம் காட்டவில்லை என்றாலும் அதை நேருக்கு நேர் பார்க்கத் தன்னால் முடியும் என்று அவர்கள் அறியட்டும் என்பது அவர் எண்ணம். மாற்றுத்திறன் என்ற பொருள்படும் சொல்லை அவர் வெறுக்கிறார். தன் கால் வேறு திறனைப் பெறவில்லை, இருந்த திறனை இழந்தது என்பது அவர் வாதம். அதேநேரம், இன்னொருவரை ஒருபோதும் இந்தச் சொல்லால் அழைப்பதில்லை, தன்னை மட்டுமே அப்படி அழைப்பதாகத் தெளிவாக எழுதிவைக்கிறார்.

5

இந்தக் கட்டுரையைத் தமிழாக்க முயன்றேன். மாத்தளை மண்ணில் பண்ணாமத்துக் கவிராயர் போன்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார் என்ற துணிச்சல்தான். தலைப்பைத் தாண்டுவதற்கே ஒரு வாரம் ஆனது. நம்மிடம் உள்ள சொற்களை எழுதிப் பார்த்தேன். நொண்டி, முடவன், சப்பாணி, ஊனமுற்றவர், அங்கவீனர், வலது குறைந்தவர், விசேட தேவையுடையவர், மாற்றுத்திறனாளி. கடைசிச் சொல்லைத் தமிழ்நாட்டில் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த காலத்தில் அரச வழக்குக்குக் கொண்டுவந்தார். ஏச்சாகப் பாவிக்கப்பட்ட சொற்களை மாற்ற வேண்டும் என்ற நல்ல நோக்கத்தை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலில் உள்ள எந்தச் சொல்லையும், அதற்குரிய மனிதன் தானாகத் தெரிந்தெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. முதற்சொற்களை ஊர் கொடுத்தது. பிந்தியவற்றை அலுவலகம் கொடுத்தது.

பழைய இலக்கியத்தைப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. சங்கப் புலவர்களில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இருக்கிறார். ஐயூர் முடவனார் இருக்கிறார். பின்னவர் புறநானூற்றில் வண்டியிழுக்க எருது கேட்டுப் பாடியவர். 'முடவன்' என்பதோடு 'ஆர்' விகுதி சேர்ந்து அங்கே மரியாதைப் பெயராகிவிட்டது. அவர் கேட்டது இரக்கத்தை அல்ல, எருதை. கவிஞனாகப் போய் வாகனம் கேட்டார்.

நமது ஹதீஸ் மரபிலும் இதே காட்சிதான். அபூஹுரைரா (ரழி) அவர்களின் மாணவர் அப்துர் ரஹ்மான் இப்னு ஹுர்முஸ், 'அல்அஃரஜ்' என்றே அறிவிப்பாளர் வரிசைகளில் வருகிறார். அதன் பொருள் கால் சாய்ந்து நடப்பவர். கூபா நகரின் பெரும் அறிஞர் சுலைமான் இப்னு மிஹ்ரான், 'அல்அஃமஷ்', பார்வை மங்கியவர். ஸஹீஹுல் புஹாரியை ஓதும் ஒவ்வொரு மத்ரஸாவிலும் இந்தப் பெயர்கள் தினமும் கண்ணியத்தோடு உச்சரிக்கப்படுகின்றன. ஆனால் ஸூரத்துல் ஹுஜுராத் பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் அழைப்பதைத் தடுக்கிறதே என்ற கேள்வி எழும். இமாம் நவவி 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் இதைக் கையாள்கிறார். அடையாளத்துக்காக இப்பெயர்களைச் சொல்லலாம், இழிவுபடுத்தச் சொல்வது ஹராம், வேறு விதமாக அடையாளம் காட்ட முடிந்தால் அதுவே மேல் என்பது அவர் கருத்தின் சாரம். தன்னை மட்டுமே அப்படி அழைப்பேன் என்று மேர்ஸ் போட்டுக்கொண்ட வேலியும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழை இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய பெயரே பிதுங்கிய கண்ணர் என்ற பொருள்படும் பட்டப்பெயர்தான். வெண்குட்டம் படர்ந்தவர்கள், கால் சாய்ந்தவர்கள், பார்வையற்றவர்கள், மாறுகண்ணர்கள் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அவருக்கு முன் ஒருவர் இப்படிப்பட்டவர்களின் பெயர்களைப் பட்டியலாகத் தொகுத்திருந்தார். ஜாஹிழுக்கு அந்தப் பட்டியல் போதவில்லை. அவர்களைப் பற்றிய கவிதைகளையும் கதைகளையும் அவர்களுடைய வாக்குகளையும் சேர்த்தார். ஒரு குறையை மட்டும் எழுதினால் அது பட்டியல். மனிதனோடு சேர்த்து எழுதினால்தான் அது இலக்கியம். இந்த வேறுபாட்டை ஆயிரத்தொருநூறு வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு முஸ்லிம் உரைநடையாசிரியர் அறிந்திருந்தார். இருபத்திரண்டு வயதில் கதை எழுதிய நான் அறிந்திருக்கவில்லை.

6

தற்காலத் தமிழில் இந்த வேறுபாட்டை அழுத்தமாகக் காட்டியவர் மனுஷ்ய புத்திரன். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த எஸ். அப்துல் ஹமீது, 1968இல் பிறந்தவர், சிறுவயதில் போலியோவால் தாக்கப்பட்டவர். பதின்பருவத்திலேயே, 1983இல், முதல் தொகுதி வந்துவிட்டது. 2003 முதல் 'உயிர்மை'யை நடத்தியவர். அவருடைய கருத்துக்கள் பலவற்றில் நம்மிடையே உடன்பாடும் முரண்பாடும் உண்டு. ஆனால் 'கால்களின் ஆல்பம்' என்ற கவிதையை விட்டுவிட்டு இந்த விடயத்தைப் பேச முடியாது.

கால்களை மட்டுமே சேகரித்து ஓர் ஆல்பம் தயாரிக்கிறவன் அந்தக் கவிதையில் பேசுகிறான். ஊர் முழுவதும் இவன் காலைப் பார்க்கிறது. கவிதையிலோ இவன் ஊரின் கால்களைப் பார்க்கிறான். பார்க்கப்படுபவன் பார்ப்பவனாக மாறிவிட்டான். மேர்ஸ் சிரிப்பால் செய்ததை இவர் இந்த இடமாற்றத்தால் செய்கிறார். போலியோவும் எம்.எஸ்.உம் ஒன்றல்ல. ஒன்று சிறுவயதில் வந்து நின்றுவிடுகிறது, மற்றது நடுவயதில் வந்து போய்ப் போய்த் திரும்புகிறது. ஆயினும் தெருவின் கண் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. இலக்கியக் கூட்டங்களில் அவர் பேச்சு வரும்போது, கவிதையைச் சொல்வதற்கு முன் 'பாவம், நடக்க முடியாதவர்' என்று தொடங்குபவர்களை நான் கேட்டிருக்கிறேன். 2018க்கு முன் நானும் அப்படித் தொடங்கியவன்தான்.

நமது சிறுகதைகளில், நான் வாசித்தளவில், இத்தகைய உடலுக்கு மூன்று வேடங்களே உண்டு. பள்ளிவாசல் வாசலில் கையேந்துபவர், பாவத்துக்குத் தண்டனை பெற்றவர், வாப்பாவின் நெஞ்சில் பாரமாக வீட்டில் இருந்துவிட்ட குமர். பத்திரிகைகளின் வார இறுதிப் பக்கங்கள் நான்காவது வேடத்தைச் சேர்த்திருக்கின்றன: ஊனத்தை வென்ற சாதனையாளர். விடைத்தாள் திருத்துகிற, கறிக்கு உப்பில்லை என்று குறை சொல்கிற, பஸ்ஸின் முதற்படி உயரமாக இருப்பதால் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற ஒரு சாதாரண மனிதனுக்கு அங்கே இடமில்லை. இரந்தால் கதையில் வரலாம், மலையேறினாலும் வரலாம். வெறுமனே வாழ்ந்தால் வர முடியாது.

மேர்ஸிடமும் எனக்கு ஒரு முரண்பாடு இருக்கிறது. முடமானவர் எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்ப்பதை அவர் நன்றாகவே தோலுரிக்கிறார். டிக்கன்ஸின் நத்தார்க் கதையில் வரும் நொண்டிச் சிறுவனைச் சுட்டிக்காட்டுகிறார். ஆனால் இந்த நோய் வந்தே தீருமென்றால் அதைச் சிறப்பாகச் செய்து காட்டுவேன் என்று தானும் ஆரம்பத்தில் சபதமெடுத்ததாகச் சொல்கிறார். அந்தச் சபதத்தை அவர் கேலியாகவே நினைவுகூர்ந்தாலும், முழுவதும் கைவிட்டதாகத் தெரியவில்லை. நன்றாக நோயுறுவதும் பிறர் கண்ணுக்கான நடிப்பாகிவிடும் என்பதை அவர் இன்னும் ஓரடி எடுத்து வைத்துப் பார்த்திருக்கலாம்.

7

நம்மிடம் அந்த நடிப்புக்கு ஸப்ர் என்று பெயர் சூட்டிவிடுகிறோம். நோயாளி வாய் திறக்கக்கூடாது. ஐயூப் (அலை) அவர்களின் உதாரணம் உடனே வரும். ஆனால் ஸூரத்துல் அன்பியாவில் ஐயூப் நபி வாய் திறக்கிறார். தனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டதைத் தன் இறைவனிடம் எடுத்துச் சொல்லி அழைக்கிறார். சொன்னதால் அவருடைய பொறுமை குறைந்துபோகவில்லை. அந்த அழைப்பை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டது நமது பயான்களும் கதைகளும்தான்.

'அபஸ' ஸூராவையும் நாம் ஓர் ஒழுக்கப் பாடமாகவே எழுதுகிறோம். குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) இடையே வருகிறார். முகஞ்சுளிப்பு நிகழ்கிறது. வஹீ அதைத் திருத்துகிறது. வந்தவரின் பக்கத்திலிருந்து இதை நாம் வாசிப்பதில்லை. அவர் தர்மம் கேட்க வரவில்லை. கல்வி கேட்க வந்தார். பெரிய மனிதர்கள் இருக்கிறார்களே என்று ஓரத்தில் ஒதுங்கவில்லை. பிற்காலத்தில் அவர் மதீனாவில் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்.

ஸூரத்துந் நூரின் 61ஆவது வசனம் இன்னும் நுட்பமானது. பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் மற்றவர்களோடு உண்பதில் குற்றமில்லை என்று அது பேசுகிறது. தப்ஸீர்களில் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பிறர் அருவருப்பார்களோ என்று அஞ்சி அவர்களே கூடியுண்ணாமல் ஒதுங்கியிருந்தார்கள் என்பது. கூச்சத்துக்கு மருந்தாக ஒரு வசனமே இறங்கியிருக்கிறது! கை நடுங்குவதால் கந்தூரி சஹனில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்ட நாளில் இதை நான் அறிந்திருக்கவில்லை. மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழும்படியும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் சாய்ந்து படுத்தும் தொழும்படி நபியவர்கள் சொன்னார்கள். அவரும் தன் நோயின் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் உங்களுக்கும் அந்தச் சலுகை தெரிந்திருக்காது.

8

இப்போது ஜும்ஆவுக்கு முன்கூட்டியே போகிறேன். முதல் ஸப்பின் ஓரத்தில் கதிரை போட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் சிலர் பார்த்தார்கள். ஐந்தாம் வாரம் வயதான ஒருவர் தனக்கும் ஒரு கதிரை கேட்டார். பல மாதங்களாக முழங்கால் வலியோடு நின்று தொழுதிருக்கிறார். கெடிகேக்கும் போய்வந்தோம். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதபடி 1970களில் கழற்றி, 1980 அளவில் உயரத்தில் மீண்டும் அடுக்கப்பட்ட அந்தக் கற்கட்டடம் வரை ஊன்றுகோலோடு நடந்தேன். பாதிவழியில் மர நிழலில் உட்கார்ந்தபோது மாணவர்கள் என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த வருடம் தரம் ஒன்பதில் பழமொழி விளக்கம் கற்பிக்க வேண்டியிருந்தது. பட்டியலில் 'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல' என்பது இருந்தது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் என் ஊன்றுகோலையும் பார்க்காமல், என் முகத்தையும் பார்க்காமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'நானும் முடவன்தான்' என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் நான் சொன்னது அதுவே முதல்முறை. நோயின் பெயரையும், அது என்ன செய்கிறது என்பதையும், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பதையும் பத்து நிமிடத்தில் சொன்னேன். ஒரு பிள்ளை, 'சேர், நோவுதா?' என்று கேட்டது. சில நாட்களில் நோகும் என்றேன். பின்வரிசைப் பையன் ஒருவன், 'தேன் எல்லாருக்கும் ஆசைதானே சேர், முடவனுக்கு மட்டும் ஏன் கூடாது?' என்றான். இன்னொருத்தி, மரமேறத் தெரியாதவர்கள் கடையில் வாங்குகிறார்களே என்றாள். பழமொழியின் வழமையான பொருளையும் சொல்லிக் கொடுத்தேன், பரீட்சைக்கு வேண்டுமே. ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு நமது இலக்கியத்தில் விடை இருக்கிறதா என்று அன்றிரவு தேடிக்கொண்டிருந்தேன்.

மன உறுதி என்பது நோயை வெல்வதென்று நான் இப்போது நினைக்கவில்லை. என் நோய் வெல்லப்படவில்லை. போன மாசியில் ஒரு தாக்கம் வந்து இரண்டு வாரம் படுக்கையில் இருந்தேன். பிறர் கண் அனுமதி தரும் வரை காத்திருக்காமல் நம் நாளை நாம் வாழத் தொடங்குவதுதான் உறுதி. அதைத் தனியொருவன் மட்டும் செய்துவிட முடியாது. பார்க்கிற கண்ணும் பழக வேண்டும். கண்ணைப் பழக்குவது எழுத்தாளனின் வேலைகளில் ஒன்று. ஆகவே இச்சஞ்சிகையில் எழுதுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த கதையில் ஒருவரைச் சாய்ந்து நடக்க வைத்தால், ஏன் என்று என்னைப் போல் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பாருங்கள். அவருக்கு என்ன பசி என்று கேளுங்கள்.

என் பழைய கதையைக் கிழிக்கவில்லை. அந்த முதலாளி படியேறும் இடத்திலிருந்து மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம் எழுதியாகிவிட்டது. மனிதர் இன்னும் மூன்றாம் படியில்தான் நிற்கிறார். மேலே ஏறுவதற்கு முன் சற்று மூச்சு வாங்குகிறார். அவசரமில்லை.